நாற்பத்து மூன்று பிளக்

புதுநகரம்
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு

என் மகள் ஷஹானாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் நாட்டில் உன்னையும் மாப்பிள்ளையையும் பேத்தி மிஸ்பாவையும் ரப்பு சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே எனக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கிறது, உன் அண்ணன் நஜீமுக்கு மணிக்கட்டில் போட்ட மாவுக்கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜீவிதாவுக்குத் தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கொல்லங்கோடு, பந்தலும் நாற்காலியும் நம் கடையிலிருந்துதான் போகிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன், பத்தொன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. மிஸ்பாவின் படம் மட்டும் தினமும் நஜீம் போனுக்கு வருகிறது, அவன் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிறான், காட்டத்தான் அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியாதா. வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்றால் நான் பேசுவதை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாயாம், நஜீம் சொன்னான். அதனால்தான் கடிதம். இதை ஓட்டிவிட முடியாது, என் வேகத்துக்குத்தான் படித்தாக வேண்டும்.

நஜீமுக்குக் கரண்டு அடித்ததைக் கேட்டதும், நான் சேர்த்து வைத்திருக்கிற அந்தப் பழைய ஃபேன் எல்லாத்தையும் வித்துத் தொலைத்தால்தான் டிசம்பரில் பிள்ளையோடு நம் வீட்டுக்கு வருவேன், இல்லாவிட்டால் கோயமுத்தூரில் மாப்பிள்ளை வீட்டிலேயே இருந்துவிட்டு அப்படியே விமானம் ஏறிவிடுவேன் என்று சொன்னாய். நானும் சூட்டில், அப்படியானால் கோயமுத்தூருக்கே போ என்றுவிட்டேன். அது தப்பு, வாய் முந்திவிட்டது, மன்னித்துக்கொள். விற்கமாட்டேன் என்று சொன்னது மட்டும் தப்பில்லை, அதை இப்போதும் சொல்கிறேன், மிஸ்பாவுக்கு மிஸ்பா பிறந்தாலும் சொல்வேன்.

நீயும் நஜீமும் பேசிவைத்து அனுப்பிய அந்தக் கொச்சிக்கார ஆள் போன வெள்ளிக்கிழமை வேனோடு வந்தார். நல்ல சட்டை, நல்ல வாசனை, வந்ததும் உம்மா உம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டார், நான் பெற்றது இரண்டுதான் இது எங்கேயிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். கிடங்கில் வரிசையாக நிற்கிற நாற்பத்து மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பித்தளை இறக்கையைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் சொல்கிறார், மோட்டாரை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே பல்பு வைத்து ரிசார்ட்டுகளுக்கு விளக்காகக் கொடுப்பாராம், டூரிஸ்டுகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். ஏனுங்க தம்பி, உங்களுக்கு எழுபது வயசானதும் குடலை உருவிவிட்டு வயிற்றுக்குள் பல்பு போட்டு நிறுத்தி வைக்கட்டுங்களா என்று கேட்டேன். மனுஷன் அதற்குப் பிறகு உம்மா என்று கூப்பிடவில்லை. நஜீம் வேன் வரைக்கும் போய் அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டானாம். எனக்காக யாரும் கேட்க வேண்டியதில்லை என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.

நான் பழைய ஃபேன் சேர்ப்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உன் அத்தா ஞாபகமாக வைத்திருக்கிறேன் என்கிறார்கள் சிலர். உன் அத்தா மம்மது, அல்லாஹ் அவருக்கு சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும், இந்த வீட்டுக்கு ஒரு பனையோலை விசிறி கூட வாங்கிவந்தவர் இல்லை, வேர்த்தால் திண்ணையில் ஈரத்துண்டைப் போட்டுப் படுத்துக்கொள்வார். எனக்குப் பிடிக்கும், அதனால் வாங்குகிறேன், அவ்வளவுதான் காரணம். முப்பத்திரண்டு வருஷம் வாடகைச் சாமான் கடை நடத்தியிருக்கிறேன். பிரியாணி ஆக்குகிற பெரிய செம்பு, நாற்காலி, மேசை, ஜெனரேட்டர், இந்தக் கடையில் இருக்கிற அத்தனையும் அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போய், நசுங்கி, கறை பிடித்து, ஒரு கால் உடைந்து திரும்பி வருகிற சாமான். வாசல் தாண்ட வேண்டாத சாமான் என்று எனக்கு இருப்பது இந்த ஃபேன்கள் மட்டும்தான். சாயங்காலம் கடையை அடைத்ததும் அதில் ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் இறக்கை கிளம்புகிற அந்தக் கனத்த சத்தம் இருக்கிறதே, அது இப்போது வருகிற பிளாஸ்டிக் ஃபேனில் கிடையாது. ஓர் ஆம்பிளை பழைய புல்லட்டை வாங்கி நிறுத்தினால் அது ரசனை, அறுபத்திரண்டு வயசுப் பொம்பளை பழைய ஃபேன் வாங்கி நிறுத்தினால் அவளைத் தலை டாக்டரிடம் காட்ட வேண்டும், அப்படித்தானே. பிரியாணிச் செம்பு என் காலில் விழுந்து விரல் நசுங்கியபோது செம்பையெல்லாம் வித்துவிடு என்று நீங்கள் யாரும் சொல்லவில்லை. அந்தச் செம்புதான் உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தது, அதனால் சொல்லவில்லை.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படி. நஜீமுக்குக் கரண்டு அடித்தது அவன் கை ஈரமாக இருந்ததால் என்று உன்னிடம் சொன்னேன். ஈரமில்லை. அவன் அப்போதுதான் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்திருந்தான், காய்ந்த கை. தப்பு என்னுடையது. வண்டிப்பெரியாரில் பழைய எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்து சாமான் எடுக்கிற சுருளிவேல் இருக்கிறாரே, அவர்தான் அந்த ஃபேனைப் பற்றிப் போன் பண்ணினார். அக்கா, நாலு இறக்கையும் பித்தளை, அடியில் ஜெர்மன் எழுத்துல தகடு, ஒத்த ஆளாத் தூக்க முடியாது, வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க, மூணாறுல ஒருத்தன் நாக்கத் தொங்கப்போட்டுட்டு நிக்கான் என்றார். மூணாறுக்காரன் என்று யாரும் இருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வியாபாரம் பண்ணுவேன், ஆனாலும் அனுப்பச் சொல்லிவிட்டேன். வந்து சேர்ந்ததும் பார்த்தால் துணி சுற்றிய பழைய வயர், தொட்டால் முறுக்கு மாதிரி நொறுங்குகிறது. உள்ளேயிருந்து மூன்று வயர் வந்தது, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். முப்பத்திரண்டு வருஷமாக எத்தனை ஆயிரம் பிளக் மாட்டிய கை இது, சிவப்பு என்றால் கரண்டு, கறுப்பு என்றால் நியூட்ரல், மிச்சம் இருப்பது எர்த். யோசிக்கவே இல்லை, மாட்டிவிட்டேன். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றவில்லை. பழைய ஃபேன் கிளம்பாவிட்டால் நாம் என்ன செய்வோம், இறக்கையை விரலால் ஒரு தள்ளு தள்ளிவிடுவோம். நஜீம் அதைத்தான் செய்தான். தூக்கி எறிந்தது மகளே. அடுக்கி வைத்திருந்த செம்புகள் மேல் போய் விழுந்தான், அந்தச் சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. நான் மெயினை அணைத்துவிட்டுத் திரும்பினால் எழுந்து உட்கார்ந்து, அம்மா ஃபேன் சுத்துச்சா என்று கேட்கிறான். நான் அப்போது அழவில்லை. அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து அழுதேன்.

மறுநாள் அடித்தகட்டைக் கழற்றி அந்தச் சிவப்பு வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். ஃபேனின் இரும்பு உடம்பிலேயே திருகி வைத்திருக்கிறது. கரண்டு முழுவதையும் உடம்புக்குக் கொடுத்திருக்கிறேன். லைன்மேனாக இருந்து ரிட்டையரான சிவப்பிரகாஷ் வந்து பார்த்துவிட்டு, ஏனுங்க ஐசும்மா, அந்தக் காலத்துல ஜெர்மன்காரங்க சிவப்பைத்தானுங்க எர்த்துக்கு வெச்சிருந்தாங்க, நானும் இத்தன வருசத்துல ஒருக்காதான் பாத்திருக்கறேன் என்றார். ஏன் புள்ளே, ஆறு வருஷமாக அந்த நாட்டில் மெஷின்களுக்குக் கரண்டு சோதனை பண்ணுகிற வேலையில் இருக்கிறாய், இதை அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா. விளையாட்டுக்குச் சொல்கிறேன், உன் மேல் பழி போடவில்லை. வாடகைக்குப் போகிற ஃபேன் எதையும் ஓடவிட்டு, உடம்பில் கரண்டு கசிகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் நான் வாசலுக்கு வெளியே விட்டதில்லை, அதை நீயே பார்த்து வளர்ந்தவள்தான். என் சொந்தச் சாமான் என்றதும் ஆசையில் அந்தப் புத்தி போய்விட்டது. வீட்டுக்கு நீ மாட்டச் சொன்ன, கரண்டு கசிந்தால் தானே அணைகிற ட்ரிப் சுவிட்சைக் கிடங்குக்கு மாட்டாமல் விட்டதும் நான்தான், அங்கே யார் படுத்துத் தூங்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது மாட்டியாகிவிட்டது, சிவப்பிரகாஷ் எர்த் கம்பியும் புதிதாக இறக்கிக் கொடுத்தார். நஜீமிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்கு அன்னைக்கே தெரியும்மா, நீங்க சொல்லட்டும்னு இருந்தேன் என்றான். அவன் உன் அத்தா மாதிரி, பொறுமையாலேயே நம்மைக் கொல்லுவான்.

இன்னொன்றும் செய்தேன். இந்தப் பழைய ஃபேன்களின் கூண்டு எல்லாம் பேருக்குத்தான் கூண்டு, கம்பிக்குக் கம்பி என் நான்கு விரல் நுழையும். நீ போனில் அதைச் சொன்னபோது அந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் கையை விடவில்லையா, எல்லாரும் விரலோடுதான் வளர்ந்தார்கள் என்று வாதாடினேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. சமையல்கட்டிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துவந்து, ஃபேனை ஓடவிட்டு, கூண்டுக்குள் நீட்டினேன். நுனி நாலு துண்டாகிச் சுவரில் தெறித்தது. இத்தனைக்கும் அது இருப்பதில் சின்ன ஃபேன். அந்தக் கேரட்டில் பாதி தடிமன் கூட மிஸ்பாவின் விரல் இருக்காது. பெயின்ட் வேறு உரிகிறது, அதிலே ஈயம் இருக்கும் என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தது, அவள் கண்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயசு. நீ பயந்ததில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பயத்துக்கு மருந்து விற்பனை என்று நீ சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அதனால் நான் செய்திருப்பது இதுதான். நாற்பத்து மூன்று ஃபேனின் பிளக்கையும் வெட்டிவிட்டேன். பிளக்கை மட்டும் வெட்டினால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா, வயர் நுனியைச் சீவிச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியைச் செருகி ஓட்டிவிடுவார்கள், எத்தனை கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன். அதனால் வயரையும் அடியோடு, விரலால் பிடிக்க ஒரு நுனி கூட இல்லாமல் வெட்டினேன். வெட்டும்போது கஷ்டமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. கிடங்குக்குப் புதுப் பூட்டு, சாவி என் இடுப்பில். வெட்டிய பிளக் நாற்பத்து மூன்றும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் இருக்கிறது. நேற்று எடை போட்டுக் காசு எவ்வளவு என்று கேட்கப் போனபோது கூரியர் ஆபீசில் இருக்கிற பெண் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஏனுங்க அம்மா, அந்த நாட்டில் பிளக் கிடைக்காதுங்களா என்று கேட்டாள். பிளக் கிடைக்கும் கண்ணு, என் மகள்தான் கிடைக்கமாட்டேங்கிறா என்றேன்.

இனி அந்தப் பிளக்குகள் உன் பொறுப்பு. டிசம்பரில் வா, உன் மீட்டரைக் கொண்டு வா. ஒவ்வொன்றாகத் திறந்து பார், புது வயர் போடு, கூண்டுக்கு வலை கட்டச் சொன்னால் கட்டுகிறேன். ஓடலாம் என்று நீ சொல்கிற ஃபேனுக்கு உன் கையாலேயே பிளக்கை மாட்டு. ஓடக்கூடாது என்றால் அது ஓடாமல் நிற்கட்டும், சுற்றாத ஃபேனையும் நான் துடைத்து வைப்பேன். மிஸ்பா இங்கே இருக்கிறவரை ஒன்றும் ஓடாது, கிடங்குப் பூட்டும் திறக்காது. ஆனால் ஒன்று கூட வாசல் தாண்டாது. நாற்பத்து மூன்றில் ஒன்று கூட. நீ வரமாட்டேன் என்றால் அந்தப் பிளக்கையெல்லாம் அங்கேயே குப்பையில் போடு, ஃபேன்கள் என் மௌத்து வரைக்கும் இப்படியே நிற்கும், அப்போதும் விற்றேன் என்று பேர் வராது.

மிஸ்பாவுக்குக் குளிரில் காதை மூடிவிடு, தேங்காயெண்ணெயைச் சூடு காட்டி உச்சியில் வை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு தின்னாதே. மாப்பிள்ளைக்கு என் சலாம். உங்கள் மூன்று பேர் மேலும் அல்லாஹ்வின் ரஹ்மத்தும் பரக்கத்தும் நிறையட்டும், நான் ஐந்து வேளையும் கேட்கிற துஆ அதுதான்.

பார்சலைப் பிள்ளை பக்கத்தில் வைத்துப் பிரிக்காதே, சின்னச் சின்னத் திருகாணி கிடக்கும். அதில் ஒரு பிளக்குக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், அது நஜீமைத் தூக்கி எறிந்த ஃபேனுடையது, நான் தப்பாக மாட்டியது. வந்ததும் முதலில் அதை எடு. நீ மீட்டர் வைத்துப் பார்த்துச் சரியாக மாட்டு, சுவிட்சையும் நீயே போடு. திட்டினாலும் பரவாயில்லை, புறங்கையால் முதலில் தொடுகிறவள் நான்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஐசும்மா