ரோஜா டின்கள் நின்ற சுவர்

1979 மார்ச் 5, திங்கள்

நாள் முழுக்கப் பனிமூட்டம். வயதாகி வேலையிலிருந்து நின்றபின் முதல் திங்கள். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தடவை டீ போட்டேன்.

சாயங்காலம் தேயிலைத் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்தார். வாசலில் குட்டைச் செங்கல் சுவர். என் மனைவி செல்லம்மா அதன்மேல் ரோஜா வளர்த்த டின்கள் நின்ற இடமெல்லாம் துரு, வட்டவட்டமாக.

"மாசக் கடைசியில வீட்டக் குடுக்கணும் பெருமாளு. அதுக்குள்ள இந்தக் கறையெல்லாம் போவணும்லா. இல்லன்னா ஒம் மக வசந்தா வேலைக்குப் பேர் குடுக்கட்டும், வீடு ஒங்களுக்கே. கொழுந்தெடுக்க ஆள் பத்தல."

ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளை, வருஷக் கடைசியில் பெரிய பரீட்சை. உள்ளே எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பேர் கொடுக்க விடமாட்டேன். செல்லம்மா சாகும்போது கேட்டது அது ஒன்றுதான். ரிங்லெட் டவுனில் மைத்துனன் வீட்டுப் பின்அறைக்குப் போகிறோம். அங்கிருந்து பள்ளிக்கு பஸ் உண்டு.

6, செவ்வாய்

கம்பி பிரஷ் போட்டேன். துரு அப்படியே. செங்கல்லின் தோல்தான் உரிந்தது. புத்திகெட்ட வேலை. பிறகு குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் புளி. லேசாக மங்கியது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மேரி எட்டிப் பார்த்தாள். "புளிக்கெல்லாம் எங்கண்ணே போவும்? எலுமிச்சச் சாத்துல உப்பக் கொழச்சு அப்புங்க. மேல ஈரச் சாக்கு. காய வுட்றாதீங்க."

வாங்க வேண்டியது: எலுமிச்சை, உப்பு, மூட்டை கட்டக் கயிறு.

8, வியாழன்

மழை விட்டுவிட்டு. மேரி சொன்னது சரி. சாக்கை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பெரிய வட்டமெல்லாம் போய்விட்டது.

ஓரத்தில் சின்ன வட்டம் ஒன்று. பால் டின். வசந்தா பிறந்த வருஷம் செல்லம்மா முதல் ரோஜாக் குச்சியை அங்கேதான் நட்டாள். டின் மக்க மக்க அதே இடத்தில் வேறு டின். தேய்க்கக் கை வரவில்லை. அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

திரும்பினால் பள்ளிப் பையோடு வசந்தா. எப்போது வந்தாளோ. எலுமிச்சை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். பையை வைத்துவிட்டுச் சோறு போட்டாள்.

10, சனி

நல்ல வெயில். மனசைக் கல்லாக்கிக்கொண்டு சின்ன வட்டத்தையும் தேய்த்து முடித்தேன். நகக்கண்ணெல்லாம் எரிச்சல். நாளை மைத்துனன் லோரி கொண்டுவருவான்.

மத்தியானம் வசந்தா வந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை.

"கிராணிகிட்ட பேர் குடுத்துட்டேன்ப்பா. திங்கக்கெழம வரச் சொன்னாரு. நாம எங்கயும் போவ வேணாம்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"நீங்கதான் அன்னிக்கு அழுதீங்களே. இந்த வீட்ட வுட்டு ஒங்களால போவ முடியாதுப்பா."

வீட்டுக்காக அழவில்லை, உன் அம்மாவை நினைத்துத்தான் அழுதேன் என்று நூறு தடவை சொன்னேன். காலைப் பிடிக்காத குறை. அவள் காதிலேயே வாங்கவில்லை. பிடிவாதம் அப்படியே செல்லம்மா.

11, ஞாயிறு

தூறல். லோரி வந்தது. "நாங்க வரல மாமா," என்றாள் வாசலில் நின்று. நான் கட்டிவைத்த மூட்டைகளைத் திரும்ப உள்ளே வைத்தேன். லோரி காலியாகத் திரும்பியது.

சாயங்காலம் பள்ளி நீல உடுப்பைத் துவைத்து மடித்து மேரியின் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். போட்டுப் பார்த்தார்கள். அளவு சரியாக இருந்தது.