ஊசி வேண்டாமென்று ஓடியவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதப் படிக்கத் தெரியாத உங்களுக்கு, அதுவும் நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் கழித்து, கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கல்லூரியிலிருந்து நான் போட்ட கடிதங்களைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்து, "சத்தமாப் படிங்க" என்பீர்களாம். இதையும் யாராவது படித்துச் சொல்லட்டும்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஊர் ஊராகப் போய் சர்க்கார் படங்களைக் காட்டும் அலுவலகத்தில், திருச்சியில், குமாஸ்தா. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் தங்கியிருக்கிறேன். மைக்கில் விளக்கம் படிக்கிறவர் மாற்றலாகிப் போனதும், "பி.ஏ. படிச்ச பொண்ணு, நீயே படிச்சுடும்மா" என்று என்னை வேனில் ஏற்றிவிட்டார்கள். நாலு பேர் நிமிர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எருக்குழி வெட்டுவது, காட்டுத்தீயை அணைப்பது, மாட்டுக்கு வரும் வெக்கை நோய் என்று மூன்று படம். முடிந்து வேன் கொள்ளிடத்தைத் தாண்டும்போது யாரோடும் பேசப் பிடிப்பதில்லை.

மூன்றாவது படத்தில் நீங்கள் வருகிறீர்கள், அப்பா.

நம் மாடு செவலையை ஓட்டிக்கொண்டு நாம் முசிறி மாட்டாஸ்பத்திரிக்குப் போன அந்தக் காலைப்பொழுது நினைவிருக்கிறதா? படம் பிடிக்க வந்தவர்கள், மாட்டுக்கு ஊசி வேண்டாமென்று ஓடுவதாக நடிக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் ஓடுறேங்க. ஆனா மொதல்ல செவலைக்கு ஊசியப் போட்டுடுங்க" என்றீர்கள். டாக்டரே சிரித்துவிட்டார். ஊசி போட்ட மாட்டை நீங்கள் இழுத்துக்கொண்டு ஓட, அது திரும்பித் திரும்பி அங்கே கிடந்த புல்லுக்கட்டைப் பார்த்தது.

படத்தில் அடுத்து ஒரு செத்த மாடு வருகிறது. எங்கே எடுத்ததோ. நம் ஊரில் காட்டியபோது எல்லாரும் அதைச் செவலை என்றே நம்பிவிட்டார்கள். செவலை கொட்டகையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்க, "இது வேற மாடுப்பா. அது செத்துப்போச்சு, நாந்தான் படத்துல பாத்தேனே" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. அதன் பிறகு கடைசிவரை உங்களுக்கு 'மாட்டைக் கொன்னவரு' என்றுதான் பெயர். சந்தையில் நம் கன்றின் கயிற்றை ஒருவரும் தொடவில்லை.

நான் அழுதேன். "நடிச்சேன்னு வெளில சொல்லிடாத கண்ணு. சொன்னா படமே பொய்யின்னுடுவாங்க, ஊசி போட மாட்டாங்க" என்றீர்கள். மறுவாரம் ஊரே மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. உங்களைத் திட்டிக்கொண்டே போனது.

இப்போது நான்தான் படிக்கிறேன்: "அறியாமை மிக்க இந்த விவசாயி..." நேற்று வயதான ஓர் அம்மாள் திரையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வேறென்ன செய்ய? அலுப்பாக இருக்கிறது, அப்பா.

வரும் வெள்ளிக்கிழமை வேன் நம் ஊருக்குப் போகிறது. படித்துச் சொல்கிறவருக்குத் தெரிய வேண்டாமென்று ஊர்ப் பெயரை இங்கே நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? மற்ற ஊர்களில் எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு சொல் பேச மாட்டேன், சத்தியம். ஆனால் நம் ஊரில் இன்று ஊசி போடாத மாடே இல்லை. அங்கே மட்டும், அந்த ஒரு வரிக்குப் பதிலாக, "இவர் என் அப்பா. ஊசி போட்ட பிறகுதான் ஓடினார்" என்று படிக்கட்டுமா?

உங்கள் பேச்சை இதுவரை மீறாத
மகள்