முத்துமீனாவுக்குப் பயம் கிடையாது

09.06.2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து கோரிப்பாளையம் சிக்னலைக் கடப்பதற்குள் உயிர் போகிறது. கோர்ட்டுக்குள் நுழையும்போது மணி பத்தேகால். அரசு வக்கீல் சூர்யபிரகாஷ் கையில் கேஸ் கட்டோடு என் அறை வாசலில் நின்றிருந்தார். "தமிழ்வாணி மேடம், உங்களுக்கு ஒரு ஈஸியான ஆளு கொண்டாந்திருக்கேன்." அவர் ஈஸி என்று சொன்ன எதுவும் இதுவரை ஈஸியாக இருந்ததில்லை.

பெயர் முத்துமீனா. வயது இருபத்திரண்டு, மனசு ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது. எழுமலைப் பக்கம் ஒரு கிராமம். போன வருடம் அவளுடைய அக்கா சத்யப்ரியா தோட்டத்துக் கிணற்றில் பிணமாக மிதந்தாள். கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. இவள் மட்டும் "மச்சான்தான் தள்ளுனாரு" என்றாள். மச்சான் என்றால் அக்காவின் புருஷன், நல்லகாமன். இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். கண்ணால் பார்த்த சாட்சி இவள் ஒருத்திதான். இவள் வாய் திறக்காவிட்டால் கேஸ் இல்லை.

அவளைத் தயார்செய்ய வேண்டியது நான். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரக் கூடாது. கோர்ட்டுக்கு வரும் சாட்சிகளின் பயத்தைப் போக்க வேண்டும், அவ்வளவுதான் என் உத்தியோகம். ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். கூண்டைப் பார்த்ததும் மயங்கி விழுந்தவர்கள், கறுப்புக் கோட்டைக் கண்டதும் ஊமையானவர்கள், எல்லோரையும் பேச வைத்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

12.06.2025, வியாழன்

வந்தாள். சித்தி முத்துத்தாய் கூட்டி வந்தாள். அக்கா செத்தபிறகு மீனா சித்தி வீட்டில்தான் இருக்கிறாள்.

வந்ததும் எனக்கு டீச்சரக்கா என்று பெயர் வைத்துவிட்டாள். கோர்ட் ஹாலைச் சுற்றிக் காட்டலாம் என்று கூட்டிப் போனேன். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார்கள். இவள் விடுவிடுவென்று போய் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "டீச்சரக்கா, இங்கதான் ஃபேன் காத்து நல்லா வருது!" டவாலி பதறிப்போய் ஓடி வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நடந்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "மச்சான் அக்காவப் பிடிச்சுத் தள்ளுனாரு. அக்கா தண்ணிக்குள்ள போயிருச்சு. அப்பறம் எனக்கு முறுக்குக் குடுத்தாரு." காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் எந்தக் குரலில் சொல்வாளோ, அதே குரல்.

சித்தி முந்தானையை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "இவளுக்குக் கொஞ்சம் கிறுக்குங்க. வாய்க்கு வந்ததச் சொல்லுவா."

19.06.2025, வியாழன்

மூன்றாவது தடவை. எதிலும் பயமில்லை. இவளுக்கு நான் எதற்கு?

24.06.2025, செவ்வாய்

உதடெல்லாம் சர்க்கரைப்பாகு. "என்ன சாப்பிட்ட மீனா?" என்றேன். "பால்பன்! மச்சான் வாங்கிக் குடுத்தாரு. பஸ் ஸ்டாண்டுல நின்னாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆரப்பாளையத்தில் ஏதோ லாட்ஜில் தங்கியிருக்கிறான், தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சி இருக்கும் பக்கமே தலைகாட்டக் கூடாது - இதுதான் ஜாமீன் நிபந்தனை. எழுமலை பஸ் வந்து நிற்பதே ஆரப்பாளையத்தில்தானே. அவன் தேடிப் போகவே வேண்டாம்; இவர்களே அவன் காலடியில் வந்து இறங்குகிறார்கள்.

சித்தியைப் பிடித்துக் கேட்டேன். "எதுக்க வந்துட்டாருங்க. சொந்தக்காரன் ஆசையா வாங்கிக் குடுக்கும்போது பிள்ளையப் பிடிச்சு இழுத்துட்டா போக முடியும்?" அவளுக்கும் அவன் சொந்தம்தான், அண்ணன் மகன். செத்தவளும் சொந்தம், கொன்றவனும் சொந்தம். யார் பக்கம் நிற்பாள்? பிழைத்திருப்பவன் பக்கம்தான்.

சூர்யபிரகாஷிடம் சொன்னேன். "மனு போடுறேன் மேடம். ஆனா அந்தச் சித்திக்காரி கூண்டுல ஏறி 'நாங்க பாக்கவே இல்ல'ன்னுட்டா?" என்றார்.

01.07.2025, செவ்வாய்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

படம் வரைந்துகொண்டே சொன்னாள். "கேஸ் முடிஞ்சதும் மச்சான் என்னயக் கெணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னுருக்காரு. உள்ள அம்புட்டு மீனு இருக்காம். குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுமாம்."

கேட்கக் கூடாது. விதிப்படி நான் கேட்கவே கூடாது. கேட்டேன்.

"நீ போவியா மீனா?"

"போவேனே."

"அவருதானே அக்காவத் தள்ளுனாரு?"

என்னை மக்கு என்பதுபோல் பார்த்தாள். "அது அக்காவ. என்னய எதுக்குத் தள்ளப்போறாரு?"

வீட்டில் என் புருஷன் மருதுவிடம் சொன்னேன். "ஒரு பிள்ளைக்குப் பயம் இல்லையேன்னு பயப்படுற ஒரே ஆளு நீதான்டி" என்று சிரித்தார். கிணற்றைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

07.07.2025, திங்கள்

ஒரு நல்லது நடந்தது. கிணற்று விஷயத்தை நீதிபதி அம்மாவிடம் எழுதிக் கொடுத்தோம். தீர்ப்பு வரும்வரை மீனாவைக் காப்பகத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு. யாரும் போய்ப் பார்க்கக் கூடாது, நானும் அரசு வக்கீலும் தவிர. சாட்சி 22ஆம் தேதி.

தீர்ப்பு வரும்வரை. அதற்கப்புறம்? கேட்டேன். "அப்பறம் அவளா எங்க போறேன்னு சொல்றாளோ அங்கதான் மேடம். மேஜர் பொண்ணு" என்றார் சூர்யபிரகாஷ். அவளாக எங்கே போவாள் என்று எனக்குத் தெரியாதா?

10.07.2025, வியாழன்

காப்பகம் ஆற்றுக்கு வடக்கே. பொறுப்பாளர் ராமக்காள், நல்ல மனுஷி. அதட்டுவாள், ஆனால் ஊட்டியும் விடுவாள்.

பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அடுப்பு சுடும், தொடக் கூடாது. தெரியுது. பாம்பு கடிக்கும், பக்கத்தில் போகக் கூடாது. தெரியுது. சில மனுஷங்களும் அப்படித்தான். "யாரு?" என்றாள். சிரித்த முகம், அழுத முகம், கோப முகம் என்று அட்டைகள் வைத்திருக்கிறேன். மச்சானுக்கு எது என்றேன். யோசிக்கவே இல்லை; சிரித்த முகத்தை எடுத்து நீட்டினாள். எனக்கும் அதையே கொடுத்தாள்.

பயத்தைக் கொடுத்தால் சாட்சி சொல்வாளா? கொடுக்காவிட்டால் உயிரோடு இருப்பாளா? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு வழி இல்லை. பயத்தைப் பிடுங்கத்தான் படித்தேன். அதை நட்டுவைக்க யாரும் சொல்லித்தரவில்லை.

15.07.2025, செவ்வாய்

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

இன்றும் அதே பாட்டு - கேஸ் முடிந்ததும் மச்சான், கெணறு, மீனு. கைதட்டிக்கொண்டு சொல்கிறாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். அவள் மேலா? அந்தப் படுபாவி மேலா? இன்னும் ஒரு வாரம்தானே இருக்கிறது என்கிற பதற்றமா? கையைப் பிடித்துத் துணி துவைக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அவளுடைய ரப்பர் பொம்மையைப் பிடுங்கினேன். "இது யாரு? இது நீதான். மீனா. இது கெணறு." தலைகீழாக உள்ளே அமுக்கினேன். கையை எடுக்கவில்லை. "பாரு! நல்லாப் பாரு! மூச்சு முட்டும். கத்துனாலும் யாருக்கும் கேக்காது. நீயும் உங்க அக்கா மாதிரியே சாவ! அவன் அமுக்குவான், நீ சாவ!"

கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாரோ கத்துவதுபோல் கேட்டது.

அவள் பொம்மையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தை. உதடு கோணிக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள்.

அடிப்பாவி. நீயெல்லாம் ஒரு டீச்சரா?

ஆனாலும் - உண்மையை எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு - பஸ்ஸில் வரும்போது ஒரு நிம்மதியும் இருந்தது. பயம் ஏறிவிட்டது. அழட்டும், அழுதாலும் இனி அவன்கூடப் போக மாட்டாள்.

16.07.2025, புதன்

ராமக்காள் போன் பண்ணினாள். சோறு இறங்கவில்லையாம். பாயை நனைத்துவிட்டாளாம், இத்தனை நாளில் இல்லாத வழக்கம். "என்ன டீச்சர் ஆச்சு?" கோர்ட் தேதி நெருங்குதில்ல, அந்தப் பயம் என்று சொன்னேன். நாக்குக் கூசாமல் சொன்னேன்.

18.07.2025, வெள்ளி

போனேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவில்லை. "டீச்சரக்காடா" என்றேன். கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள் போல. சரியாகிவிடும், ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். இதை நான் எழுதுகிறேனா, இல்லை எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேனா?

சூர்யபிரகாஷிடம் சொல்லிவிடலாமா? சொன்னால், சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு ஒரே போடாகப் போட்டுவிடும். கேஸ் அங்கேயே செத்தது. சொல்லவில்லை.

22.07.2025, செவ்வாய்

சாட்சி அறை. நீதிபதி அம்மா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணப் புடவையில் வந்து உட்கார்ந்தார். மேஜையில் மிட்டாய்த் தட்டு. நல்லகாமனும் அவன் வக்கீலும் வேறு அறையில், திரைக்கு அந்தப் பக்கம். மீனா பக்கத்தில் துணைக்கு நான். அது என் இடம்.

பெயர் கேட்டார். சொல்லவில்லை. ஊர் கேட்டார். சொல்லவில்லை. அடையாளம் காட்டுவதற்காக ஒரு நிமிடம் திரையில் அவன் முகத்தைக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. இன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. "மச்சான்" என்றாள்.

"அக்காவுக்கு என்னம்மா ஆச்சு?"

வாயைத் திறந்தாள். நிச்சயமாகத் திறந்தாள், நான் பார்த்தேன். அப்புறம் திரும்பி மேஜைமேல் இருந்த என் கையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

நீதிபதி பொறுமையாகக் காத்திருந்தார். இடைவேளை விட்டார். மறுபடி கேட்டார். மதியம் ஒருமுறை. சாயங்காலம் ஒருமுறை. நாற்காலியின் கீழே ஈரம் சொட்டியது. போதும் என்று எழுந்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை.

"ரெடி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே மேடம்" என்றார் சூர்யபிரகாஷ். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவனைத் திரையில் பார்த்துப் பயந்துவிட்டாள். அதனால்தான். அதனாலேதான்.

சிரித்தாளேடி?

05.08.2025, செவ்வாய்

ராமக்காள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். உள்ளே விடவில்லை.

"டீச்சர், நான் படிக்காதவ. ஆனா கண்ணு இருக்கு. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்குத்தான் அவ பாய நனைக்குறா. வாளியில தண்ணி பிடிச்சாக் கத்துறா. உங்க பேரச் சொன்னாலே கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கிறா. என்ன செஞ்சீங்கன்னு நான் கேக்கல. இனிமே வராதீங்க."

"மச்சானப் பத்தி ஏதாவது..."

"எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு தெனமும் கேக்குது."

ஆற்றுப் பாலம்வரை நடந்தே வந்தேன். பயம் ஏறியதெல்லாம் உண்மைதான். வேண்டிய ஆள்மேல் ஏறவில்லை. அமுக்கிய கை என் கைதானே, கத்திய வாய் என் வாய்தானே. அவள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பியிருக்கிறாள். அவன் முறுக்கும் பால்பன்னும் கொடுத்தவன். நான்தான் மீனாவைத் தண்ணீரில் அமுக்கியவள்.

02.09.2025, செவ்வாய்

சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. நல்லகாமன் விடுதலை.

03.09.2025, புதன்

நீதிபதி அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட உட்கார்ந்தேன். "வாளி" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. சூர்யபிரகாஷுக்குப் போன் பண்ணி, வாளி விஷயம் உட்பட ஒன்றுவிடாமல் சொன்னேன். "இத எழுதிக் குடுத்தா அப்பீலும் போச்சு மேடம், உங்க வேலையும் போச்சு" என்றார்.

"வேலை போகட்டும் சார். அவளை அவன்கூட அனுப்பாம இருக்க ஏதாவது வழி இருக்கா?"

"விடுதலையான ஆள எதச் சொல்லித் தடுக்குறது?"

எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் எப்போது வருமோ.

11.09.2025, வியாழன்

காலையில் ராமக்காளே கூப்பிட்டாள். "வந்திருக்காங்க. உங்களால எதுவும் ஆகுமான்னு பாருங்க." வரக் கூடாது என்று சொன்னவள் கூப்பிடுகிறாள். மருது வண்டியை எடுத்தார், பத்து நிமிடத்தில் போய்விட்டோம்.

வாசலில் ஆட்டோ நின்றது. சித்தி முன்னால், நல்லகாமன் பின்னால். அதே வெள்ளைச் சட்டை. மீனா தலைக்குப் பூ வைத்து, துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ராமக்காளிடம் "போயிட்டு வாரேன்க்கா, போயிட்டு வாரேன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காயிதத்த வச்சு டீச்சர் நிறுத்துறது?" ராமக்காளின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எழுதி வாங்கியாச்சு. மூணு தடவ கேட்டேன், மச்சான்கூடத்தான் போவேங்குறா."

குறுக்கே போய் நின்றேன். கையை நீட்டி, "மீனா, போக வேண்டாம்டா. என்கூட வந்துரு" என்றேன்.

நீட்டிய கையைப் பார்த்தாள். பை கீழே விழுந்தது. ஓடிப்போய் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அங்கே நின்ற எனக்கு அவள் நடுங்குவது தெரிந்தது.

நல்லகாமன் குனிந்து பையை எடுத்துத் தூசியைத் தட்டினான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"பிள்ளைக்கு ஒங்களக் கண்டாத்தான் பயம் டீச்சர். கொஞ்சம் வழிய விடுங்க."

நான் ஒதுங்கி நின்றேன்.