இஸ்திரி போட்ட ரசீதுகள்

ஜனவரி 9, செவ்வாய்

முழங்கால் வரைக்கும் பனி. மகன் பெங் வேலைக்குப் போகக் காரைத் தோண்டி எடுத்தான்.

நான் சொல்கிறேன், என் மனைவி மாய் எழுதுகிறாள். எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. அமெரிக்காவில் இந்த செயின்ட் பால் சந்தையில் இருபத்தாறு வருஷம் கடுகுக்கீரை விற்றவனுக்கு எண் போதும். மாய் அறுபது வயசுக்கு மேலே வகுப்புக்குப் போய் லாவோஸ் மலையிலிருந்து கொண்டுவந்த நம் மோங் மொழியை எழுதக் கற்றுக்கொண்டாள். "நீங்க பேசறதையெல்லாம் எழுதமாட்டேன், உருப்படியா இருக்கறதை மட்டும் எழுதுவேன்" என்கிறாள். அப்படியென்றால் இந்த நோட்டு பத்து வருஷம் வரும்.

இன்று வாத்தியக் கடையிலிருந்து கடிதம். மருமகள் கியா படித்துச் சொன்னாள். பேத்தி காவ்லீ பள்ளிக்கூடத்து இசை வகுப்பில் வாசிக்கிற செல்லோ, அந்தப் பெரிய பிடில், வாடகைக்கு எடுத்தது. அந்த வாடகைத் திட்டம் ஒரு வருஷத்துக்குத்தானாம். ஏப்ரல் முப்பதுக்குள் இன்னும் 890 டாலர் கட்டினால் செல்லோ நம்முடையது. இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெங் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தொழிற்சாலையில் அவனுக்கு வாரம் எட்டு மணி நேர வேலையைக் குறைத்துவிட்டார்கள். "திருப்பிக் குடுத்துரலாம்" என்றான். காவ்லீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு மணி நேரம் வாசித்தாள்.

முதல் மாசம் அது கன்றைத் தேடுகிற எருமை மாதிரி கத்தியது. இப்போது அப்படி இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

மகனோடு வாக்குவாதம். மாய், எழுது, எழுது.

போன வருஷம் ஜூன் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. நம் மொழி ரேடியோவில், தைல விளம்பரம் முடிந்ததும் ஒரு பெண் பேசினாள். பிள்ளைகளின் பள்ளிச் செலவில் நூற்றுக்கு எழுபத்தைந்தை மாநில வருமான வரியில் திருப்பித் தருகிற சலுகை பழைய சலுகைதான். ஆனால் அதற்கான வருமான வரம்பை இந்த வருஷத்திலிருந்து உயர்த்திவிட்டார்கள், முன்பு முப்பத்துமூவாயிரத்துச் சொச்சம், இனி எழுபதாயிரத்தையும் தாண்டும் என்றாள். முன்பு கிடைக்காதவர்கள் மறுபடி கேட்டுப் பாருங்கள், ரசீதை வைத்திருங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

இதைத்தான் பெங்கிடம் சொன்னேன். "நமக்கு வராதுப்பா. நாலு வருஷம் கேட்டாச்சு. உங்க வருமானம் கூடன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"அது பழைய சட்டம்டா."

"ரேடியோல வழுக்கைத் தலைல முடி வளருதுன்னும்தான் சொல்றான்."

என் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கியா சிரித்துவிட்டாள். நானும்தான்.

ஆனால் ஒன்று அவனுக்குத் தெரியாது. அந்த ஜூன் பதினொன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்த எந்தக் கடைச் சீட்டையும் நான் வெளியே போக விட்டதில்லை. குப்பையிலிருந்துகூட எடுத்திருக்கிறேன். எது பள்ளிக்கூடத்துச் சீட்டு, எது தூண்டில் புழு வாங்கின சீட்டு என்று படிக்கத் தெரியாது. அதனால் எல்லாம். ஒரு மீன் பை நிறைய.

ஜனவரி 15

பையைக் கொட்டிக் காட்டினேன். கியா தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பிரித்தாள். புழு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம். "மாமா, பத்து மாசத்துக்கு முன்னாடி நான் திருட்டுத்தனமா வாங்கின உதட்டுச் சாயமும் இதுல இருக்கு." பத்து மாசம் இல்லை, ஏழு. ஜூன் 23. நான் சொல்லவில்லை.

சமூகக் கூடத்தில் இலவசமாக வரிப் படிவம் எழுதித் தருகிறார்கள். பிப்ரவரி மூன்றாம் தேதி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 2, வெள்ளி

இதை எழுதமாட்டேன் என்று மாய் பேனாவை வைத்துவிட்டாள். ஒரு குவளை தேநீர் போட்டுக் கொடுத்தேன். இப்போது எழுதுகிறாள்.

சீட்டெல்லாம் கசங்கிச் சுருண்டு கிடந்தன. ஆபீசுக்குக் கசங்கினதைக் கொண்டுபோவது மரியாதையா? முன்னோருக்கு எரிக்கிற காகிதப் பணத்தைக்கூட நீவித்தானே மடிக்கிறோம்? அதனால் மாய், நான் பனி வாரப் போயிருந்த நேரத்தில், பள்ளிக்கூடத்துச் சீட்டுகளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாக, இஸ்திரி போட்டாள்.

கடைச் சீட்டுக்குச் சூடு ஆகாது. பெட்டி பட்ட இடமெல்லாம் கறுத்துவிட்டது. நான் உள்ளே வரும்போது பதினோரு கறுப்புத் தாள்கள், ஒரு சுருக்கம் இல்லாமல், வரிசையாக.

"முதல் ஒண்ணு கறுத்தப்பவே நிறுத்தியிருக்கலாமே?"

"மை காயலையோன்னு நினைச்சு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கினேன். ஐம்பத்தோரு வருஷத்தில் இவள் அழுது நான் பார்த்தது நான்கு தடவை. இன்று ஐந்து. காவ்லீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பரவால்ல பாட்டி, எனக்கு வேற வாத்தியம் குடுப்பாங்க" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

என்ன செய்வது? நாளைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். போய்த்தான் ஆகவேண்டும்.

பிப்ரவரி 3, சனி

படிவம் எழுதித் தருகிற பெண் பெயர் ப்ளியா. மௌவா குலம், மாயின் பிறந்த வீட்டுக் குலம். ஆகவே மாய் அவளுக்கு அத்தை, நான் மாமா. பெங்கும் வேண்டாவெறுப்பாக வந்தான்.

முதலில் வருமானத் தாளைப் பார்த்தாள். "உங்களுக்கு வரும். ரேடியோல சொன்னது சரிதான் மாமா." பெங் கூரையைப் பார்த்தான். நானும் கூடவே கூரையைப் பார்த்தேன், அங்கே என்ன இருக்கிறது என்று.

பிறகு எது சேரும், எது சேராது என்று சொன்னாள். செல்லோ வாடகை சேரும். செல்லோ வாசிக்கப் போடுகிற கறுப்புச் சட்டை சேராது.

"அது இல்லாம மேடையில ஏத்தமாட்டேங்கறாங்களே?"

"சட்டையைக் கல்யாணத்துக்கும் போட்டுட்டுப் போகலாம் மாமா. செல்லோவைத் தூக்கிட்டு யாரு போவா?"

இது நல்ல சட்டம்தான், யோசித்து எழுதியிருக்கிறார்கள். கணக்குப் போடுகிற கருவி சேரும், மதியச் சாப்பாடு சேராது. கம்ப்யூட்டர் இருநூறு டாலர் வரை. சின்னப் பேரன் தோவுக்கு வாசிப்புச் சொல்லித்தருகிற டீச்சருக்குக் கொடுத்தது சேரும், அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்பதால். சொந்தப் பாட்டனோ பாட்டியோ சொல்லித்தந்தால் சேராது. "அந்தக் கவலை நமக்கில்லை" என்றேன்.

"சரி, ரசீது?"

மாய் உறையை நீட்டினாள். ப்ளியா பிரித்தாள்.

"அத்தே, இது என்ன, கருவாடா?"

சொன்னோம். மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். மாய்க்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரசீது இல்லாம எழுதமுடியாது மாமா. நாளைக்கு மாநிலத்துலேர்ந்து கேட்டா காட்டணும்" என்றாள்.

நான் கறுப்புத் தாள்களை எடுத்தேன். நீளம், கிழிசல், மடிப்பு, எண், எல்லாம் எனக்குத் தெரியும்; எது எதுக்கு என்று கியா பிரிக்கும்போது சொல்லியிருந்தாள். இது ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, பெரிய கடை, கம்ப்யூட்டர், கணக்குக் கருவி, எட்டு நோட்டு: 318 டாலர் 41 காசு. இது அக்டோபர் 5, டீச்சர் எழுதிக் கொடுத்து கியா கடையில் இதே சீட்டுத் தாளில் நகல் எடுத்தது. இது செப்டம்பர் 6, 14 டாலர் 7 காசு, நிறப் பென்சில்.

அந்தப் பென்சில் சீட்டின் அடி ஓரத்தை இஸ்திரிப்பெட்டி தொடவில்லை. ப்ளியா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். 14.07.

"அப்பா" என்றான் பெங்.

ப்ளியா நான் சொன்னதையெல்லாம் எழுதினாள். "இதை வெச்சு கடை கடையாப் போய் மறுபடி ரசீது வாங்கிட்டு வாங்க. பதினேழாம் தேதிவரை உங்க படிவத்தை எடுத்து வைக்கிறேன்."

பிப்ரவரி 8

வாத்தியக் கடையில் போன வருஷம் கட்டின எட்டு மாச வாடகையையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். டீச்சர் புதுச் சீட்டு எழுதி, கூடவே எலுமிச்சை கேக்கும் கொடுத்தார். கோடை அறிவியல் முகாம் ரசீது கியாவின் போனிலேயே இருந்திருக்கிறது. இத்தனை நாளாய்.

பெரிய கடைச் சீட்டு ஒன்றுதான் பாக்கி. அது இல்லாவிட்டால் திரும்பி வருவது எழுநூறுக்குக் கீழே நின்றுவிடும்.

பிப்ரவரி 12, திங்கள்

பெரிய கடை. மேலாளர் உயரமான ஆள். கியா அவருக்குச் சொன்னாள், எனக்கும் சொன்னாள்.

"கார்டுல கட்டியிருந்தா தேடலாமாம் மாமா. ரொக்கம்னா முடியாதாம். எத்தனை ஆயிரம் சீட்டுங்கறார்."

"ஏழாவது கல்லாப்பெட்டின்னு சொல்லு. பன்னிரண்டு மணி தாண்டி. வெளியே மழை. நமக்கு முன்னாடி ஒருத்தன் படகுத் துடுப்பு வாங்கினான், அதுல விலை ஒட்டலை, ஆள் விட்டுப் பாத்துட்டு வர வெச்சாங்க. நீ குடுத்த பணத்தை நான்தான் எண்ணி நீட்டினேன், இருபது டாலர் நோட்டு பதினாறு. மீதி ஒரு டாலர் ஐம்பத்தொன்பது காசு."

கியா அப்படியே சொன்னாள். மேலாளர் என்னைப் பார்த்தார். மாயைப் பார்த்தார். மாய் தன் கைப்பையிலிருந்து அந்தக் கறுப்புத் தாளை எடுத்து, என்ன நினைத்தாளோ, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள், கல்யாணத்தில் மொய் கொடுப்பது மாதிரி.

அவர் வாய் லேசாகக் கோணியது. உள்ளே போனார். நாற்பது நிமிஷம். என்னால் உட்கார முடியவில்லை. மறந்துவிட்டேனோ? ஏழா, எட்டா? துடுப்பு அதே நாளா, இல்லை ஜூலையா? எழுபத்துநான்கு வயசில் முதல் தடவையாக என் தலைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

நீளமான வெள்ளைத் தாளோடு வந்தார். கியாவிடம் ஏதோ சொன்னார்.

"துடுப்பு வாங்கினவன் சீட்டையும் பாத்தாராம் மாமா. உங்களுக்கு முந்தின சீட்டு. உங்களுக்கு இங்க வேலை வேணுமான்னு கேக்கறார்."

"சம்பளம் கூடினா சலுகை போயிரும்னு சொல்லு."

அதையும் சொன்னாள். இந்தத் தடவை அவர் நன்றாகவே சிரித்தார்.

பிப்ரவரி 17

படிவம் போய்விட்டது. 909 டாலர் வரவேண்டும் என்றாள் ப்ளியா. புது ரசீதுகளைப் பெங் தானே ஒரு உறையில் போட்டான். மாய் கையில் கொடுக்கவில்லை.

மார்ச் 3

ஒன்றும் வரவில்லை.

மார்ச் 16, சனி

பக்கத்துக் கட்டடத்து சியோங் வீட்டார் வந்தார்கள். நேற்று யாங் வீட்டார். எது சேரும், எது சேராது என்று கேட்கிறார்கள். ப்ளியா சொன்னதைச் சொன்னபடியே சொல்லி அனுப்புகிறேன். கால்பந்துச் சப்பாத்து சேருமா என்று சியோங் கேட்டான். தெரியாததைத் தெரியாது என்றேன், ப்ளியாவிடம் கேள் என்றேன். நான் சொன்னால் போதுமாம் அவனுக்கு. போதாது.

மார்ச் 29

இன்னும் இல்லை. காவ்லீ புதுப் பாட்டுப் பழகுகிறாள். ஏப்ரல் முப்பதுக்கு மேலே பள்ளியில் கச்சேரி இருக்கிறதாம்.

ஏப்ரல் 11, வியாழன்

வந்துவிட்டது. பெங் போனைக் காட்டினான். 909. எண் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 13, சனி

பெங், கியா, காவ்லீ மூன்று பேராக வாத்தியக் கடைக்குப் போனார்கள். நான் போகவில்லை, நாற்றுக்கு விதை போடுகிற வேலை இருந்தது. மீதிப் பணத்தில் பன்றிக்கறி வாங்கி வந்தார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

மதியம் பெங் கூடத்து மூலையில் இருந்த சப்பாத்து அலமாரியைத் தனியாளாகக் கார்க் கொட்டகைக்குத் தூக்கிப் போனான். ஜன்னல் பக்கத்து மூலை, வெயில் நேராக விழாத மூலை.

"இத்தனை சப்பாத்தையும் எங்கே வைக்கறது?" என்றாள் கியா.

"எங்கயாவது வை" என்றான். பிறகு சுவரில் தட்டிப் பார்த்து உள்ளே மரக்கட்டை இருக்கிற இடம் கண்டுபிடித்து, செல்லோவை மாட்டத் தோல் சுற்றின கொக்கி ஒன்றை அடித்தான். காவ்லீ செல்லோப் பெட்டியிலிருந்து கடைக்காரர்களின் எண் ஒட்டின தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாதிதான் வந்தது.

அவள் வாசிக்க ஆரம்பித்தபோது பெங் வேலைக்குப் போகச் சட்டை மாற்றியிருந்தான். படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தைப் போட்டான். மற்றது இன்னும் கையிலேயே இருக்கிறது.