நான் துடைத்த முகம்

இன்று காலை உன் மகன் வந்து கதவைத் தட்டினான். நீ கீறிய படங்களையெல்லாம் ஒரு புத்தகமாக்கப் போகிறானாம். என்னைக் கீறிய படம் எங்கே, அதையும் கமெராவில் எடுக்க வேண்டுமென்று பிரெஞ்சில் கேட்டான். அலுமாரிக்குப் பின்னாலிருந்து அதை இழுத்து எடுத்தேன். சுற்றியிருந்த உன் பழைய மேசைவிரிப்பில் உன் கோப்பி மணம் இன்னும் இருப்பதுபோல் எனக்கொரு பிரமை.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அந்த மூன்று மாடி வீட்டில் மேலே நீ, நடுவில் நான். நீ கிரேக்கத்தி, நான் யாழ்ப்பாணத்தாள். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அதை வைத்துக்கொண்டே எவ்வளவு வம்பளந்தோம். நீ சொன்னதெல்லாம் எனக்குத் தமிழிலேயே நினைவிருக்கிறது.

கீழே நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுற்றி முடியும்வரை என்னைக் கதிரையில் இருத்தி நீர்வண்ணத்தில் கீறினாய். உங்கள் கோயில் படங்களில் புனிதர்களுக்கு இருக்கிற அதே பெரிய கண், நீண்ட மூக்கு, மூடிய சின்ன வாய். ஆனால் உடம்பில் என் பனிக்கால ஜாக்கெட், காதில் இயர்போன். தலைக்குப் பின்னால் பொன்வளையம் வரவேண்டிய இடத்தில் மெஷினின் வட்டக் கதவு.

"மாதாவும் உடுப்புத் தோய்ச்சிருப்பாதானே" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்குப் புரைக்கேறியது.

முகத்துக்கு நிறம் வைக்கத் தொடங்கியதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"கொஞ்சம் வெள்ளையாய்க் கீறன்."

"ஏன்? எங்கட கோயில் மாதாவைப் போய்ப் பார். உன்னைவிடக் கறுப்பு."

கறுப்பி என்று என்னைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. என் கலியாணப் படத்தில்கூட ஸ்டூடியோக்காரர் முகத்தை வெளுக்கவைத்துத்தான் தந்தார். உனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

படம் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ஈரப் பஞ்சால் கன்னத்தை மெல்ல ஒற்றிப் பார்த்தேன். கொஞ்சம் வெளுத்தது. ஆசை விடவில்லை, இன்னும் ஒற்றினேன். நெற்றியும் கன்னமும் கலங்கி, தாளே நார்நாராய்ப் பிய்ந்தது. குசினித் தரையில் அடுப்போரம் குந்தியிருந்து அழுதேன்.

பிறகு உங்கள் ஆட்களின் மண்டபத்தில் உன் கண்காட்சி வந்தது. "நான் கீறினதில உன்ர படம்தான் எனக்குப் பிடிச்சது. நடுச் சுவரில மாட்டப் போறன், தா" என்று வாசலில் நின்றாய். ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

"மகளுக்கெண்டால் சரி" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனாய்.

கண்காட்சியன்று நடுச் சுவரில் ஒரு மீன் படம் தொங்கியது. பேந்து சொல்லுவம், பேந்து சொல்லுவம் என்று நாளைக் கடத்தினேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் எனக்கு வாய் வரவில்லை.

இன்று உன் மகன் அந்த முகத்தைக் குனிந்து பார்த்தான். "தண்ணீர்க் குழாய் ஏதும் உடைந்ததா?"

ஓம் என்றால் கதை முடிந்திருக்கும்.

"இல்லைத் தம்பி. என்ர நிறம் எனக்குப் பிடிக்கேல்லை. நான்தான் துடைச்சனான்."

அவன் கமெராவை எடுத்துப் படம் பிடித்தான். புத்தகத்தில் அதை அப்படியே போடச் சொன்னேன்.

நீ அறிந்திருந்தால் மாடிப்படி அதிர என்னை ஏசியிருப்பாய். ஏசிவிட்டு, அடுத்த சனிக்கிழமையே என்னைக் கதிரையில் இருத்தி மறுபடி கீறியிருப்பாய், அதே நிறத்தில். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பாவி. இப்போது எனக்கு அந்தக் கறுப்பு வேண்டும். கீற நீ இல்லை.