மொட்டைப் பன்றிகள் கறிக்கடைக்குப் போன விவரமும் ஒரு கிருமியின் பெயர் வேண்டியும்

அனுப்புநர்:
துப்புரவுப் பணியாளர்,
இரண்டாம் கொட்டகை,
கால்நடை ஆய்வு நிலையம்.

பெறுநர்:
பொதுச் சுகாதார அலுவலர் அம்மா அவர்கள்.

பொருள்: கிருமி ஏற்றிய பன்றிகள் தவறுதலாக இறைச்சிக்குச் சென்றதும், அந்த ஈரலை உண்ட கர்ப்பிணி உயிருக்குப் போராடுவதும் – கிருமியின் பெயரை உடனே பெற்றுத்தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. எங்கள் நிலையத்தில் இரண்டு கொட்டகைகள். முதல் கொட்டகைப் பன்றிகளுக்கு நோய் இல்லை. தலையை மழித்து, கம்பி ஒட்டி, கூண்டுக்குள் அவை பயப்படுகின்றனவா என்று மூளைச் சமிக்ஞைகளைப் பார்ப்பார்கள். ஆய்வு முடிந்தால் அவை முறைப்படி இறைச்சிக்குப் போகும். இரண்டாம் கொட்டகையில், உணவு வழியாக மனிதருக்குத் தொற்றும் ஒரு கிருமியை ஏற்றி ஆராய்கிறார்கள். அவற்றை எரித்துவிட வேண்டும். கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

2. தலை மழித்தவற்றை நாங்கள் ‘மொட்டை’ என்போம். மேற்பார்வையாளரும் அப்படியே சொல்வார். சென்ற மாதம், நோய் கண்ட பன்றி எவ்வளவு வேதனைப்படுகிறது என்று அறிய இரண்டாம் கொட்டகையிலும் சிலவற்றுக்கு மொட்டை போட்டார்கள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. வண்டி ஓட்டுபவன் என் தம்பி. “மொட்டைய எல்லாம் ஏத்திட்டுப் போயிடுப்பா” என்று மேற்பார்வையாளர் போனில் சொல்ல, அவனும் முற்றத்தில் நின்ற இரண்டு கொட்டகை மொட்டைகளையும் ஏற்றிவிட்டான். அன்று எனக்கு விடுப்பு. இருந்திருந்தால் வண்டிக்குக் குறுக்கே விழுந்திருப்பேன்.

3. தம்பி மனைவிக்கு எட்டாம் மாதம். இரத்தம் குறைவு, ஈரல் சாப்பிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறிக்கடைக்காரர் அன்று ஆசையாக எடுத்துக் கொடுத்த ஈரலைத் தம்பி வீட்டுக்குக் கொண்டு வந்தான். அதிகம் வெந்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று அவள் பாதி வேக்காட்டிலேயே இறக்கிவிடுவாள். சில வாரங்களில் காய்ச்சல், வாந்தி. அப்போதுதான் அன்று எந்த மொட்டைகளை ஏற்றினான் என்று தம்பியிடம் கேட்டறிந்தேன். இப்போது கண் முழுக்க மஞ்சள். நடுநடுவே நினைவு தப்புகிறது. தெளிந்தால், “அக்கா, புள்ள அசையுதான்னு கை வெச்சுப் பாருங்க” என்கிறாள். கை வைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா.

4. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, குழந்தையை இப்போதே எடுப்பதா என்று முடிவு செய்ய முடியும் என்கிறார் டாக்டர். இங்கே பரிசோதித்துக் கண்டுபிடிக்க நாளாகுமாம். நிலையத்தில் கேட்டால் ஆய்வு இரகசியம் என்கிறார்கள். மேற்பார்வையாளரோ, “அப்படி ஒரு வண்டியே போகலையே! வாய மூடிக்கிட்டு வேலையப் பாரும்மா” என்கிறார். வலிக்கிறதா என்று பன்றியின் மண்டையில் கம்பி ஒட்டிக் கேட்பவர்கள், வாய்விட்டு அழுகிற பெண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. இது என்ன நியாயம்?

5. நாத்தனார் என்றாலே குறை சொல்லத்தான் வருவாள் என்பார்கள். இவள் வந்த நாள் முதல் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் கிடையாது. தம்பி சுவரில் முட்டிக்கொள்கிறான். மீதிக் கறி எந்தெந்த வீட்டு அடுப்பில் ஏறியதோ தெரியவில்லை. இதை எழுதியதற்கு என் வேலை போகும். போகட்டும்.

ஆகவே, தாங்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் அந்தக் கிருமியின் பெயரைக் கேட்டு மருத்துவமனைக்குச் சொல்லவும், அந்தக் கறி வாங்கியவர்களை எச்சரிக்கவும் இரு கை கூப்பி வேண்டுகிறேன். விசாரணை, தண்டனை எல்லாம் பிறகு ஆகட்டும்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: பிரசவ வார்டு வாசல்

இப்படிக்கு, பயத்துடன்,
(கையொப்பம்)
இரண்டாம் கொட்டகைத் துப்புரவுப் பணியாளர்

அம்மா, கையெழுத்துப் போடும்போதே அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். யாராவது ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும்போல, யாரை என்று தம்பியைக் கேட்கிறார்கள். அவன் என் முகத்தைப் பார்க்கிறான். தயவுசெய்து இந்தத் தாளை முழுதாகப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். போனை எடுங்கள்.