கேட்டுத்தான் போனோம்

டல்வென்னி,
3 மார்ச் 1987

அன்புள்ள எஃபி,

இன்வர்னஸ் போனதும் ஊரை மறந்தாயிற்று. பின்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்து, "அடியே, டீ போடு" என்று நீ அதட்டி எத்தனை மாதமாகிறது!

எஸ்டேட்டை வாங்கிய புது முதலாளி ஆற்றங்கரைப் பாதைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். நடைப்பயணிகள் லாரி ரோடு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். அவர்களுக்குக் கண் இருக்கிறது. என் டூகலுக்குப் பார்வை போனதிலிருந்து அந்தப் பாதை ஒன்றில்தான் தனியாக நடப்பார். ஆற்றுச் சத்தத்தை இடது காதில் வைத்துக்கொண்டு போவார், வலது காதில் வைத்துக்கொண்டு திரும்புவார். இப்போது நாற்காலியே கதி.

யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊர் காலங்காலமாக நடந்த பாதை ஊருக்கே சொந்தம் என்கிறார் எங்கள் வக்கீல்; டூகல் பேரில் கேஸ் போட்டாயிற்று. அதில் பள்ளிக்கூடம் போனவர்களில் மிச்சம் நீயும் நானும்தான். நான் டூகலின் மனைவி, என் சாட்சி எடுபடாதாம். நீ கோர்ட்டுக்கு வந்து சொல்லு.

உன் இஷ்பெல்

இன்வர்னஸ்,
9 மார்ச்

என் தங்கமே இஷ்பெல்,

இதற்குப் போய்க் கெஞ்சுவாயா? எஸ்டேட் காவல்காரன் "யாரைக் கேட்டு வந்தீங்க?" என்று கத்தினால், "ஆத்தைக் கேட்டுத்தான்!" என்று நாக்கைத் துருத்திவிட்டு ஓடியவள் நான்தானே? கோர்ட்டிலும் அதையே சொல்கிறேன்.

இன்னொரு சங்கதி. என் மகன் யூவனுக்கு அந்த எஸ்டேட்டிலேயே வேலை கிடைக்கும் போலிருக்கிறது, ஆற்றோரக் காவல் வீடும் சேர்த்து. நானும் அவனோடு வந்துவிடுவேன். மறுபடி தினமும் உன் டீதான்.

உன் எஃபி

டல்வென்னி,
2 ஏப்ரல்

எஃபி,

நேற்று கோர்ட்டுக்கு டூகல் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நீ பேச ஆரம்பித்ததும், "நம்ம எஃபி குரல்டி" என்று என் கையைப் பிடித்தார். நீ, "எப்பவும் எஸ்டேட்டுல கேட்டுத்தான் போனோம்" என்றாய். வக்கீல் காகிதங்களை மடித்துவிட்டார். கேட்டு நடந்த பாதை ஊருக்குச் சொந்தமாகாதாம்.

டூகல் கையை விட்டுவிட்டார். "அது நம்ம எஃபி இல்ல" என்றார்.

யூவனுக்காகத்தான் செய்தாய், தெரியும். முன்பே சொல்லியிருக்கலாமே. இப்படிக் கூட இருந்தே குழி பறித்துவிட்டாயே.

இஷ்பெல்

காவல் வீடு, டல்வென்னி,
20 ஏப்ரல்

என் இஷ்பெல்,

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். யூவனுக்கு ஒரு வருஷமாக வேலை இல்லை, கைக்குழந்தை வேறு. நேரில் வர முகமில்லாமல் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். டூகல் தாராளமாக நடக்கலாம். ஒவ்வொரு தடவையும் வந்து கேட்டால் போதும், சாவி யூவனிடம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை டீக்கு வருகிறேன்.

உன் எஃபி

டல்வென்னி,
22 ஏப்ரல்

திருமதி எஃபி ராஸ் அவர்களுக்கு,

டூகல் கேட்க மாட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு லாரி ரோட்டில் நடக்கப் பழகுகிறார். அங்கே ஆறு கேட்பதில்லை.

பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். வருவதானால் முன்வாசலில் நின்று, கேட்டுவிட்டு வாருங்கள்.

இஷ்பெல் மன்றோ